ஜீப்பைத் தின்னும் துரு

(வண்டிப்பெரியாரில், தொடர்கல்வி வகுப்புக்கு வருகிறவர்களிடம் பேசிய உரை)



முதலில் ஒரு கேள்வி. கம்பத்தில் ஒரு ஜீப் ஓடுகிறது. வண்டிப்பெரியாரில் ஒரு ஜீப் ஓடுகிறது. இரண்டும் ஒரே கம்பெனி. இரண்டும் ஒரே ஆண்டில் செய்தவை. பத்து வருடம் கழித்து எந்த ஜீப்பின் அடித்தகட்டில் முதலில் ஓட்டை விழும்?

நம்முடைய ஜீப்பில்தான். நீங்களே சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும்.

கம்பம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே மழை குறைவு. வெயில் அதிகம். நம் பக்கம் ஜூன் மாதம் மழை பிடித்தால் லேசில் விடாது. பிறகு துலாமாதத்து மழை. மழை இல்லாத நாளில் மூடுபனி. லயத்துக் கொடியில் போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லை. துணி காயாத ஊரில் வண்டி மட்டும் எப்படிக் காயும்?

அதனால்தான் இன்றைக்குத் துருவைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். பழைய ஜீப்பில் துரு எப்படி வருகிறது, எங்கே ஒளிகிறது, வீட்டு முற்றத்திலேயே அதை எப்படி எடுப்பது, மறுபடி வராமல் எப்படிக் காப்பது. இதுதான் பேச்சு. "எனக்கு ஜீப் இல்லையே, எனக்கு எதற்கு இது?" என்று சில அக்காமார் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். ஜீப்பில் ஏறி வேலைக்குப் போகிறீர்கள் அல்லவா? உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஜீப் வந்த கதை

இந்த மலையில் ஜீப் இல்லாமல் முடியாது. பஸ் போகாத எஸ்டேட் பாதையில் ஜீப் போகிறது. பிரசவ வலி வந்தால் ஜீப். உர மூட்டை வந்தால் ஜீப். கல்யாணப் பாத்திரம் வந்தால் ஜீப். கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு வருகிற பெண்களும் ஜீப்பில்தான் மலை ஏறுகிறார்கள்.

ஆனால் ஜீப் இந்த வேலைக்காகப் பிறக்கவில்லை. அது போருக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் என்ற கம்பெனி ஜீப்பைச் செய்தது. போருக்குப் பின் பம்பாயில் மகிந்திராவின் கம்பெனி வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்யத் தொடங்கியது.

போர்க்களத்தில் ரிப்பேர் பார்க்க வேண்டிய வண்டி அல்லவா? அதனால் அதன் உடம்பு எளிமையானது. தட்டையான தகடு. நேரான மடிப்பு. போல்ட்டைக் கழற்றினால் மட்கார்டு தனியாக வந்துவிடும். கீழே தனியாகச் சேசிஸ் இருக்கிறது. மேலே உடம்பு உட்கார்ந்திருக்கிறது. எனவே ஜீப்பை வீட்டு முற்றத்தில் வைத்தே பிரிக்கலாம், பூட்டலாம்.

அம்பாசடர் கார் அப்படி இல்லை. அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அதன் தகட்டு உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஒரு பெட்டித் தகடு ஓடும். அது உளுத்துப் போனால் காரின் பலமே போய்விடும். கதவு சரியாகச் சாத்தாது. அதுதான் முதல் அடையாளம். அம்பாசடர் செய்வது 2014-ல் நின்றுவிட்டது. ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஜீப்காரர்களை விட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

துரு என்றால் என்ன?

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணாடிக் குப்பி வேண்டும். பளபளப்பான மூன்று புது ஆணி வேண்டும்.

முதல் குப்பி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதில் ஆணியைப் போட்டு இறுக மூடுங்கள். இரண்டாவது குப்பியில் பாதி ஆணி நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். மூட வேண்டாம். மூன்றாவது குப்பியில் கொதித்து ஆறிய தண்ணீரை நிறைய ஊற்றி ஆணியைப் போடுங்கள். மேலே கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள். கொதித்த தண்ணீரில் காற்று இருக்காது. எண்ணெய் புதுக் காற்றை உள்ளே விடாது.

ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். இரண்டாவது குப்பியில் இருக்கும் ஆணிதான் நன்றாகத் துருப்பிடித்திருக்கும். ஏன்? முதல் குப்பியில் காற்று இருந்தது, தண்ணீர் இல்லை. மூன்றாவதில் தண்ணீர் இருந்தது, காற்று இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் துரு. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்து இரும்பை மாற்றிவிடுகின்றன. பாதி நனைந்து பாதி காயும் இடத்தில் துரு வேகமாகப் பிடிக்கும்.

இன்னொரு குப்பியில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துரு இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் கடற்கரை ஊர் வண்டியை வாங்கும்போது பத்து தடவை பார்க்கச் சொல்கிறார்கள்.

"நம் ஊரில் கடல் இல்லையே, உப்பு ஏது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. உர மூட்டையில் இருக்கிறது. பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்புதான். மூட்டை கிழிந்து ஜீப்பின் மூலையில் ஒரு பிடி உரம் சிந்துகிறது. மூடுபனியில் அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த மூலையில் தகடு ஊறிக்கொண்டே இருக்கும்.

உரத்தை விட மோசமானது துரிசு. மிளகுக்கும் ஏலத்துக்கும் மருந்தடிக்கத் துரிசும் சுண்ணாம்பும் கலக்குகிறோம். கலவை சரிதானா என்று எப்படிப் பார்க்கிறோம்? கத்தியை அதில் முக்குகிறோம். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அந்தச் செம்பு சும்மா வந்து ஒட்டவில்லை. கத்தியின் இரும்பு கரைந்து போகிறது. அந்த இடத்தில் துரிசிலிருக்கும் செம்பு வந்து உட்காருகிறது. கத்திக்கு நடப்பதுதான் ஜீப்புக்கும் நடக்கும். துரிசுத் தண்ணீர் சிந்திய வண்டியை அன்றைக்கே கழுவிவிட வேண்டும். நாளைக்கு என்று வைக்கக் கூடாது.

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. அது இரும்பை விட அதிக இடம் எடுக்கும். உள்ளே துரு வளர்ந்தால் மேலே பெயிண்ட் கொப்புளம் போல எழும்பும். கொப்புளம் ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்தால், அடியில் துரு உள்ளங்கை அளவு இருக்கலாம்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

நாம் பார்க்கும் இடத்தில் துரு இருப்பது குறைவு. பார்க்காத இடத்தில்தான் அதிகம். தண்ணீரும் சேறும் தங்கும் இடமெல்லாம் அதன் வீடு.

கால் மிதிக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். அடியில் ஈரம் இருக்கும். பேட்டரி உட்காரும் தட்டைப் பாருங்கள். பேட்டரி ஆசிட் அதைத் தின்றிருக்கும். பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்பக்கம் கையை விடுங்கள். காய்ந்த சேறு அப்பியிருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மடிப்பு, ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டும் இடம், உடம்பைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள், இவை எல்லாம் பார்க்க வேண்டியவை.

எல்லாவற்றையும் விட முக்கியம் சேசிஸின் உள்பக்கம். சேசிஸ் பெட்டி போல இருக்கும் இடங்களில் சேறு உள்ளே புகுந்துவிடும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வைத்திருப்பார்கள். அந்த ஓட்டை சேற்றில் அடைத்துப் போகும். பிறகு அந்தப் பெட்டி தண்ணீர்த் தொட்டிதான். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே இரும்பு உதிரும்.

2018 ஆகஸ்டில் பெரியாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். கரையோரத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிகளை எஞ்சின் மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டியவர்கள் உண்டு. சேசிஸுக்குள் போன வண்டல் அங்கேயே இருந்தால், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு விசாரிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையில் மண்சட்டி வாங்கும்போது என்ன செய்கிறோம்? விரலால் தட்டிப் பார்க்கிறோம். நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும். கீறல் விட்ட சட்டி மந்தமாக ஒலிக்கும். இரும்பும் அப்படித்தான். சின்னச் சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மாறித் தொப்பென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே திருப்புளியால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இரும்பு செத்துவிட்டது.

பயப்பட வேண்டிய துரு எது?

எல்லாத் துருவும் ஒன்றல்ல. மட்கார்டில் ஓட்டை விழுந்தால் பார்க்க அசிங்கம். அவ்வளவுதான். அவசரமில்லை. ஆனால் சில இடத்துத் துரு உயிரை எடுக்கும்.

பிரேக் ஆயில் போகும் குழாய் மெல்லிய இரும்புக் குழாய். சேசிஸ் ஓரமாகவும் ஆக்சில் மேலேயும் ஓடும். கல் தெறிக்கும் இடம், சேறு படும் இடம். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்குகிறோம். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கிறோம். மிதிக்கும்போதெல்லாம் அந்தக் குழாயில் பெரிய அழுத்தம் வருகிறது. துருப்பிடித்து மெலிந்த குழாய் அந்த நேரத்தில்தான் வெடிக்கும். வீட்டு வாசலில் நிற்கும்போது வெடிக்காது.

குழாய் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல இழுக்கும் குணம் உள்ளது. எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். குழாயில் துருப் பொரிந்திருந்தால் சுரண்டிப் பெயிண்ட் அடிக்காதீர்கள். கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

அடுத்தது ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம். அது பெயர்ந்தால் ஆக்சில் நகர்ந்துவிடும். ஸ்டீயரிங் பெட்டி சேசிஸில் பிடிக்கும் இடம், சீட்டைப் பிடிக்கும் போல்ட்டு, பின்னால் ஆட்கள் பிடித்துக்கொள்ளும் கம்பியின் அடி, இவற்றையும் அப்படியே பாருங்கள்.

இப்போது அக்காமாரிடம் வருகிறேன். தினமும் ஜீப்பில் போகிறவர்களுக்குத்தான் வண்டி நன்றாகத் தெரியும். கால் வைக்கும் தகடு அமுங்குகிறதா? ஓட்டை வழியாக ரோடு தெரிகிறதா? பிடிக்கும் கம்பி ஆடுகிறதா? வண்டி நின்ற இடத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா? டிரைவர் தம்பியிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் முன்னால் உட்காருகிறார். பின்னால் என்ன நடக்கிறது என்று பல நேரம் அவருக்குத் தெரியாது.

வேலையைத் தொடங்கும் முன்

துரு எடுக்கும் வேலையை எந்த மாதம் செய்வது? தை, மாசி நல்ல மாதங்கள். பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கோடை மழை வந்துவிடும்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் ஒன்று சொல்கிறேன். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு அல்ல. ஓட்டை உள்ள சிமெண்டுக் கல்லையும் முட்டுக் கொடுக்கக் கூடாது. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வேண்டும். இல்லாவிட்டால் அகலமான, கெட்டியான மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்குங்கள். சமதரையில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். பிறகு வண்டியை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடியில் போகாதீர்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். எனவே பெயிண்டைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சுரண்டியதைக் கூட்டி அள்ளுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் விடாதீர்கள்.

துருவை எடுப்பது

முதலில் கழுவ வேண்டும். மேலே அல்ல, அடியில். சேறு முழுவதும் போக வேண்டும். சேசிஸின் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கலங்கல் தண்ணீர் வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக் கூடாது. பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப் போடுங்கள்.

அடுத்துச் சுரண்டல். கம்பி பிரஷ், உளி, உப்புத்தாள். கிரைண்டிங் மெஷின் இருந்தால் சீக்கிரம் முடியும். செதில் செதிலாக இருக்கும் துரு எல்லாம் உதிர வேண்டும். எவ்வளவு தூரம் சுரண்டுவது? நல்ல இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை. துரு முடிந்த இடத்துக்கு அப்பாலும் இரண்டு விரல் அகலம் சுரண்டுங்கள்.

சேசிஸ் நம்பர் அடித்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். கம்பி பிரஷால் மெதுவாகத் துடையுங்கள். அந்த நம்பர் அழிந்தால் வண்டி உங்களுடையது என்று ஆர்.டி. ஆபீசில் காட்டுவது பெரும்பாடு. நம் கே.எல். 37 வண்டியானாலும், எந்த ஊர் வண்டியானாலும் இதுதான் கதி.

எவ்வளவு சுரண்டினாலும் குழிக்குள் கொஞ்சம் துரு தங்கும். அதற்கு ஒரு மருந்து உண்டு. பெயிண்ட் கடையில் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கேளுங்கள். அது மிச்சத் துருவை வேறு பொருளாக மாற்றிக் கெட்டிப்படுத்தும். இரண்டு வகை வருகிறது. ஒன்றில் பாஸ்பாரிக் ஆசிட் இருக்கும். இன்னொன்றில் டேனிக் ஆசிட் இருக்கும்.

டேனிக் ஆசிட் என்பது துவர்ப்புச் சரக்கு. கடுக்காயில் இருக்கிறதே, அந்த இனம். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை செய்தார்கள். அன்னபேதி ஓர் இரும்புச் சரக்கு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. துருவின் மேல் இந்த மருந்தைத் தடவினால் சிவப்பு மாறிக் கறுப்பாகும். நம் தேயிலையிலும் துவர்ப்பு உண்டு. திக்கான கட்டன் சாயாவில் ஓர் ஆணியைப் போட்டு வையுங்கள். தண்ணீர் மை போலக் கறுத்துவிடும். அதற்காகச் சேசிஸுக்குச் சாயா ஊற்றக் கிளம்பிவிடாதீர்கள். அது போதாது.

பாஸ்பரஸ் விஷயத்துக்கு டில்லியில் ஒரு சாட்சி நிற்கிறது. குதுப்மினார் பக்கத்தில் ஓர் இரும்புத் தூண். ஏழு மீட்டர் உயரம். ஆறு டன்னுக்கு மேல் எடை. குப்தர் காலத்தில் செய்தது. சுமார் 1600 ஆண்டாக வெட்டவெளியில் நின்றும் உளுத்துப் போகவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது தூணின் மேல் மெல்லிய தோல் போல ஒரு படலம் உண்டாக உதவியது. அந்தப் படலம் துருவைத் தடுத்தது. டில்லியின் வறண்ட காற்றும் கொஞ்சம் கைகொடுத்தது. அந்தத் தூணை வண்டிப்பெரியாரில் நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்!

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் துரு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் உடனே பளிச்சென்று ஆகும். ஆனால் அந்த ஆசிட் மடிப்புக்குள் போய்த் தங்கிவிடும். அடுத்த மாதம் முன்னை விட மோசமாகத் துரு வரும். வேண்டவே வேண்டாம்.

ஓட்டை விழுந்தால்

தகட்டில் ஓட்டை விழுந்தால் பலர் என்ன செய்கிறார்கள்? சாக்குத் துண்டோ காகிதமோ வைத்து அடைத்து, மேலே பட்டி வைத்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். விற்கிற வண்டியில் இது நடக்கிறது. பட்டி தகடு அல்ல. அது ஈரத்தை உறிஞ்சும். உள்ளேயே துரு வளரும். இதை நான் ரிப்பேர் என்று சொல்ல மாட்டேன். ஏமாற்று என்று சொல்வேன். பழைய வண்டி வாங்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.

சரியான வழி, செத்த தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுப்பது. அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைப்பது. வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எண்ணெய் டேங்க்கைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் நிறைந்திருப்பதை விடக் காலியாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

சேசிஸில் வெல்டிங் என்றால் அது வீட்டு முற்றத்து வேலை அல்ல. சுரண்டலாம், கழுவலாம், பெயிண்ட் அடிக்கலாம். சேசிஸை வெட்டி ஒட்டுவது கைத்தேர்ச்சி உள்ளவர் வேலை. வேலை முடிந்ததும் அளந்து பாருங்கள். வீட்டுக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் மூலைக்கு மூலை கயிறு பிடிக்கிறாரே, அதேபோல. முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஓர் அளவு. முன் வலதிலிருந்து பின் இடதுக்கு ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சேசிஸ் கோணிவிட்டது. டயர் ஒரு பக்கமாகத் தேயும். வண்டி ரோட்டில் இழுக்கும்.

சேசிஸின் இரண்டு பக்கமும் நெடுக உளுத்திருந்தால் என்ன செய்வது? மனசு கேட்காது. அப்பா ஓட்டிய வண்டி என்பார்கள். ஆனாலும் அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது.

பெயிண்டும் மெழுகும்

சுரண்டிய இரும்பை இரவு முழுவதும் வெறுமையாக விடாதீர்கள். நம் ஊர் மூடுபனியில் காலைக்குள் சிவந்துவிடும். அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள். பனி இறங்கும் நேரத்தில் அடித்தால் சில பெயிண்ட் பால் போல வெளுத்துவிடும்.

ரெட் ஆக்சைடு பிரைமர் எல்லோருக்கும் தெரியும். அதன் சிவப்புப் பொடியும் இரும்பு ஆக்சைடுதான். அதாவது துருவுக்குச் சொந்தக்காரன்! ஏற்கெனவே முழுக்க மாறிவிட்ட பொருள் மேற்கொண்டு மாறாது. ஆனால் பிரைமர் மட்டும் போதாது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பிரைமர் அடித்த வண்டியை மழைக்காலம் முழுக்க அப்படியே நிறுத்தினால் அடியில் துரு வந்துவிடும். மேலே பெயிண்ட் அடித்தால்தான் வேலை முடிந்தது. கையில் கொஞ்சம் காசு இருந்தால் அடிப்பாகத்துக்கு ஜிங்க் பிரைமர் வாங்குங்கள். ஜிங்க் தகட்டுக் கூரை எத்தனை மழையைத் தாங்குகிறது, பார்க்கிறோமே. ஜிங்க் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். தின்னர் எவ்வளவு கலப்பது, எத்தனை மணி நேரம் காய்வது, எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலமாக இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுங்கள். எண்கள் உங்களுக்கே தெரியும்.

சேசிஸுக்குள் பிரஷ் போகாது. அதற்கு மெழுகு கலந்த எண்ணெய் கடையில் கிடைக்கிறது. நீளக் குழாய் மாட்டி, ஓட்டை வழியாக உள்ளே பீய்ச்ச வேண்டும். அது மடிப்புகளில் ஊர்ந்து போய்ப் படியும். வெல்டிங், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். அடித்த பிறகு வடிகால் ஓட்டை திறந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

அடிப்பாகத்தில் தார் போன்ற கறுப்புக் கோட்டிங் அடிக்கிறார்கள். சுத்தமான, காய்ந்த தகட்டில் அடித்தால் நல்லது. சேற்றின் மேலும் துருவின் மேலும் அடித்தால், புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட கதைதான்.

கரி ஆயில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் வடித்த பழைய ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. துருவைக் கொஞ்சம் தடுக்கும், உண்மை. ஆனால் ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ரப்பர் ஹோசையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். தோலுக்கும் கெடுதல். மழையில் கழுவி ஓடைக்கும், ஓடையிலிருந்து பெரியாற்றுக்கும் போகும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருப்பவர்கள் எடுக்கிறார்கள். எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை.

தினமும் வாரமும்

இவ்வளவு வேலையும் செய்துவிட்டு வண்டியைப் புல்லின் மேல் நிறுத்தினால் பயன் இல்லை. புல்லிலிருந்து ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கல் பரப்பிய இடத்தில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் படுதாவால் இறுக மூடாதீர்கள். உள்ளே வியர்க்கும். சுவர் இல்லாத, கூரை மட்டும் உள்ள கொட்டகை போதும். காற்று ஓட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கால் விரிப்பை எடுத்து வெளியே போடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் மேல்பக்கத்துக்குச் செலவழிக்காதீர்கள். அடியில் ஊற்றுங்கள்.

ஆள் ஏற்றும் டாக்சி வண்டி எட்டு வருடத்தைத் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை ஃபிட்னஸ் எடுக்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் பெயிண்ட் அடித்துக் காட்டிவிட்டு வருகிறோம். ஆபீசில் பார்க்கிறவர் ஒரு நாள் பார்க்கிறார். நாம் மீதி நாளெல்லாம் அதில் போகிறோம். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வண்டி நம்பரை மேலே எழுதுங்கள். என்றைக்கு அடிப்பாகம் கழுவியது, என்றைக்குப் பிரேக் ஆயில் மாற்றியது, எந்த இடத்தில் தட்டும்போது சத்தம் மாறியது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். வண்டி வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும், அக்காமாரே, நோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். "போன வருடம்தானே பிரேக் ஆயில் மாற்றினேன்" என்று அவர் சொல்லும்போது நோட்டைத் திறந்து காட்டலாம்.

கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். சுத்தியலும் திருப்புளியும் கொண்டு வந்திருக்கிறேன். வெளியே நிற்கிற வண்டிகளில் யாராவது ஒருவர் சம்மதித்தால் தட்டிப் பார்த்துவிடலாம்.